ஒரு பூனை கூடுதல்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம். என் இடது சுண்டுவிரலில் முயல் கடித்த இடமும் வலது கையில் பூனை பிறாண்டிய இடமும் ஆறிவிட்டன. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நான் கத்துவேன், பக்கத்து அறையில் அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடையில் உட்கார்ந்து தாளை எடுத்திருக்கிறேன். கடை விடுமுறை பன்னிரண்டு நாளும் அப்பா கூடவே இருந்து கவனி, பார்த்ததைப் பார்த்தபடி எழுது, அதை வைத்து முடிவு செய்யலாம் என்று சொன்னாய். உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தின் படிவத்தையும் அனுப்பினாய். இருபத்திரண்டு கேள்வி, கடைசியில் என் கையெழுத்து. நீ கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. போன மாதம் மருந்துக்கடைக்குப் போன மனிதர், முப்பது வருஷம் நடந்த தெருவிலேயே வீடு எது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் நின்றார். நான் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருகிறேன், நடுவில் அவர் தனியாக இருக்கிறார். எனவே நீ சொன்னபடி ஒரு சின்ன நோட்டு வைத்து தினமும் எழுதினேன். சரக்கு காட்டும்போது அடிபட்ட பெட்டியைத்தான் நான் முதலில் எடுத்து வைப்பேன், உனக்குத் தெரியும். அப்பா விஷயத்தையும் அப்படியே எழுதுகிறேன். என் விஷயத்தையும்.

விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலம், இனிமேல் பன்னிரண்டு நாள் காலை நீட்டி உட்காரலாம் என்று வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. கூடத்தில் கூண்டோடு ஒரு கிளி. சமையலறை மேசைக்கு அடியில் ஒரு முயல். நான் சாய்ந்து உட்காரும் ஒரே நாற்காலியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை, கழுத்தில் சிவப்புப் பட்டை. தெருவில் பாதிப் பேர் விடுமுறைக்கு வெளியூர் போகிறார்கள், போகிற போக்கில் எல்லாரும் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாய் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருடையது, கிளி தையற்காரருடையது, முயல் பாட்டு டீச்சருடையது, பூனை பல் டாக்டரம்மாவுடையது. இருபத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த வாய் அல்லவா, இடம் இல்லை என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமே கிடையாது. இது வீடா மிருகக்காட்சி சாலையா என்று நான் கத்தினேன். அதற்கு அவர், "கோவிச்சுக்காத முதலாளி, பன்னெண்டு நாள்தானே, அப்புறம் அவங்கவங்க ஸ்டாப்புல இறங்கிடுவாங்க" என்றார். உன் அப்பாவின் இந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் கல்யாணமே செய்துகொண்டேன், இப்போது சொல்லி என்ன.

நானும் சும்மா இருக்கவில்லை. தெருத்தெருவாகக் காலி அட்டைப்பெட்டி பொறுக்கி, மடித்துக் கட்டி விற்று, இந்த மொத்த வியாபாரத்துக்கு வந்தவள் நான். வீட்டில் எது வந்து இறங்கினாலும் என் கண்ணுக்கு அது சரக்குதான். மறுநாளே கடையிலிருந்து முப்பது பெட்டி வரவழைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு கட்டினேன். யாருடையது, என்றைக்கு வந்தது, என்ன தின்னும் என்று சீட்டு எழுதி நாய்க்கும் பூனைக்கும் கழுத்துப்பட்டையில் கட்டினேன், கூண்டில் ஒன்று தொங்கவிட்டேன். கிளிக்கூண்டின் மேல் 'உடையும் பொருள், மெதுவாகக் கையாளவும்' என்று ஒட்டினேன். அது காலைக்குள் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறவைத்திருந்தது. முயலுக்கு நம்மிடம் இருப்பதிலேயே நல்ல ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, நாற்பது கிலோ தாங்கும் என்று நான் எல்லாரிடமும் மார்தட்டுகிற பெட்டி. டீ கொதித்து இறங்குவதற்குள் அந்த முயல் அதில் ஒரு வாசல் வைத்து வெளியே வந்துவிட்டது. பிடிக்கப்போனேன், விரலில் கடித்தது. அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து, முயலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு கேரட்டை நீட்டினார், அது அவர் மடியில் ஏறிக்கொண்டது. அந்தக் கிளி இருக்கிறதே, அது தையற்காரரின் குரலையே பிடித்து வைத்திருக்கிறது. பால்காரம்மா வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "நாளைக்கு வாங்க, கண்டிப்பா ரெடியாயிடும்" என்கிறது. இரண்டு நாளாகப் பால் வரவில்லையே என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அந்தம்மா தெருவில் அப்பாவை மடக்கி, "உங்க வீட்டுல யாரு சார் அந்த ஆளு? வேணாம்னா வேணாம்னு சொல்லிடணும், சும்மா நாளைக்கு நாளைக்குன்னா எப்படி" என்று சண்டை பிடித்திருக்கிறாள். அப்பா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் மறுபடியும் புதிதாகச் சொன்னார். மறுநாள் காலையிலும். நான் நோட்டில் எழுதினேன், ஒரே விஷயத்தை மூன்று தடவை என்று.

இன்னும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டாம் நாள் பின்பக்கக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார், அடுக்கி வைத்திருந்த பத்துப் பெட்டி ஊறிக் கூழாகிவிட்டது. ஏழாம் நாள் வாசல் கேட்டைச் சாத்தாமல் வந்தார், நாய் போய்விட்டது. கிழட்டு நாய், ஒரு கண் மங்கல், அப்பா அதைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார். நான் மருந்துக்கடை வரைக்கும், பள்ளிக்கூடம் வரைக்கும், பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓடினேன். வெயிலில் நாக்கு வறண்டு திரும்பி வந்தால், இவர் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்ன சொன்னேன் என்றே ஞாபகம் இல்லை. அவர் நிதானமாக, "மணி பதினொன்னு ஆகுதுல்ல? அவருக்கு டூட்டி நேரம். எங்கயாவது கார் நிக்கும், அதுல போய் உக்காந்திருப்பார்" என்றார். அப்படியே இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒருவர் காரின் கதவைத் திறந்துபோட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார், முன் சீட்டில் பெரியவர் கம்பீரமாக உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார். தினமும் பாடம் நடக்கிற காரில் போய்ப் பழகிய நாய், இறங்கச் சொன்னால் முறைக்கிறது. அப்பா கிட்டே போய், "பெரியவரே, ஸ்டாப் வந்தாச்சு" என்றதும் இறங்கி வந்துவிட்டது. இதை நான் நோட்டில் எப்படி எழுதினேன் தெரியுமா, கேட்டைத் திறந்து போட்டார், நாய் தொலைந்தது என்று எழுதினேன். யார் கண்டுபிடித்தது என்று எழுதவில்லை. வேண்டுமென்றே விடவில்லை, எழுதத் தோன்றவில்லை. தோன்றாததுதான் தப்பு என்று இப்போது தெரிகிறது.

இனிப் பூனை. மூன்றாம் நாள் மீன் துண்டு வைத்துக்கொண்டிருந்த அப்பா என்னைக் கூப்பிட்டு, "டிக்கெட் எடுக்காம ஒருத்தர் ஏறியிருக்கார் முதலாளி" என்றார்.  சமையலறையில் நின்றுகொண்டு பஸ்ஸில் இருப்பதாக நினைக்கிறாரே என்று பயந்தேன். யாருங்க என்று மெதுவாகக் கேட்டேன். "சாம்பல் கலர்ல இன்னொருத்தர், ரெண்டு பேர் இருக்காங்க, நீ பாக்கல?" என்றார். பார்த்தேன், ஒரு பூனைதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மீன் எடுத்தார். இப்பதானே வச்சீங்க என்றால், "அது அவங்களுக்கு, இது இவங்களுக்கு" என்கிறார். எழுதினேன், ஒரு பூனையை இரண்டு என்கிறார். ஐந்தாம் நாள் அந்தப் பூனை பெட்டி ஒட்டும் பசை டப்பாவுக்குள் தலையை விட்டுக் கழுத்துப்பட்டையெல்லாம் பிசுபிசு என்று ஆகிவிட்டது. நானே கழற்றிக் கழுவிக் காயவைத்து, மத்தியானம் பின்கட்டில் ஒரு பெட்டிக்குள் சுருண்டு தூங்கிய பூனைக்கு மாட்டிவிட்டேன். கையைப் பிறாண்டிவிட்டு ஓடியது. நாலு நாள் மடியில் கிடந்த பூனைக்குத் திடீரென்று என்ன வந்தது என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் பட்டை இல்லாமல் பார்த்தேன். அப்பா கழற்றியிருப்பார், மறந்திருப்பார் என்று அதையும் அவர் பெயரில் எழுதினேன். சாயங்காலம் பட்டையோடு பார்த்தபோது, சரி, ஞாபகம் வந்து மாட்டிவிட்டார் போல என்று விட்டுவிட்டேன். பார், இரண்டு பூனை இருந்தால் எல்லாமே எவ்வளவு சுலபமாகப் பொருந்துகிறது என்று. ஆனால் எனக்கு அது தோன்றவில்லை. அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று முதலிலேயே ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன், அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் பல் டாக்டரம்மா ஊரிலிருந்து வந்து பூனையைக் கேட்டார். சீட்டைப் படித்து, பட்டையைச் சரிபார்த்து, பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தேன், நம் கடையில் கொடுக்கிற மாதிரியே. அப்பா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "இது அவங்க பூனை இல்லையேம்மா, இது அந்த டிக்கெட் எடுக்காத ஆளு" என்றார். டாக்டரம்மா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொஞ்ச நாளா அவருக்கு மறதி டாக்டர், எதையாவது சொல்லிக்கிட்டிருப்பார், மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் காதில் விழும்படிதான் சொன்னேன். ஏதோ இல்லாத மனிதரைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அப்பா கையில் வைத்திருந்த பசை டேப்பை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை நான் துணி உலர்த்திவிட்டு வருகிறேன், ஒரு தட்டில் மீன் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். பூனைதான் போய்விட்டதே, யாருக்குங்க என்றேன். "மேடத்துக்கு" என்றார், டாக்டரம்மா பூனையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், ஏறிப் போய்விட்டார். நான் கீழேயே நின்றேன். இல்லாத பூனைக்குச் சோறு வைக்கிற அளவுக்கு வந்துவிட்டதே என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் உன் படிவத்தை எடுத்து, 'இல்லாததை இருப்பதாகச் சொல்கிறாரா' என்ற கேள்விக்கு எதிரே பேனாவால் ஆம் என்று எழுதினேன். கட்டு கட்டாக வரும் அட்டையில் நடுவில் ஒரு தாள் ஈரம் என்றால்கூடக் கயிற்றை அவிழ்த்துப் பார்க்காமல் விடாதவள் நான். நம் மாடிக்குப் பதினோரு படி. ஏறிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், பயம். மேலே போய்ப் பார்த்து, அங்கே வெறும் பெட்டிக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன் என்ற பயம்.

அடுத்த நாள் டாக்டரம்மா பெட்டியோடு திரும்பி வந்தார். அவர் வீட்டுப் பூனைக்குக் கீழ்வரிசையில் இடதுபக்கக் கோரைப்பல் கிடையாது, போன வருஷம் அவரே பார்த்து எடுக்கவைத்தது. இது கொட்டாவி விட்டபோது பார்த்தால் எல்லாப் பல்லும் இருக்கிறது. "உங்க வீட்டுக்காரர் சொன்னப்ப நான் நம்பியிருக்கணும், தொழில்ல தினமும் வாயைத்தானே பாக்கறேன், கிளம்பற அவசரத்துல பாக்காம விட்டுட்டேன்" என்று அவர் சிரிக்கிறார், நான் சிரிக்கவில்லை. சத்தம் கேட்டு அப்பா மேலேயிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு பெட்டி, காற்று போக நாலு பக்கமும் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார், உள்ளே மேடம் காலை மடித்து உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை, ஒரு பார்வை கிடையாது. "கொஞ்சம் கவனமா தூக்கிட்டுப் போங்க டாக்டர், ரெண்டு நாளா சரியா சாப்பிடல" என்றார், அவ்வளவுதான். எப்படிங்க ரெண்டையும் அடையாளம் தெரிஞ்சுது என்று அப்புறம் கேட்டேன். "அவங்க படியில இறங்கும்போது நின்னு பாத்துட்டு இறங்குவாங்க, இது குதிக்கும். சீட்டைப் பாத்தா தெரியாது, ஆளைப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். கூட்டத்தில் யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்று இருபத்தொன்பது வருஷம் முகம் பார்த்துச் சொன்ன மனிதர். அந்தக் கண் இன்னும் அப்படியே இருக்கிறது. குழாயை மூட மறந்ததும் அதே மனிதர்தான், அதையும் நான் அழிக்கப்போவதில்லை.

ஆக, நான் யோசித்து வைத்திருப்பது இது, மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு. வீட்டில் குழாய்களைத் தானே மூடிக்கொள்கிற மாதிரி மாற்றிவிட்டேன், கேட்டுக்கு ஸ்பிரிங் போட்டாயிற்று, நேற்று அதுவே என் முதுகில் வந்து ஒரு அடி கொடுத்தது. இனிக் காலையில் அப்பா என்னோடு கடைக்கு வருவார். லாரியிலிருந்து இறங்கும் கட்டுகளைப் பார்க்கிற வேலை அவருக்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு இருவரும் வீட்டுக்கு வந்துவிடுவோம், அதற்குப் பிறகு கடையை மேலாளர் பார்த்துக்கொள்வார். நான் இல்லாவிட்டால் கடை ஓடாது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு நாள் மூடிக்கிடந்தும் ஒரு வாடிக்கையாளரும் ஓடிப்போகவில்லை. அவர் நிலைமை மோசமாகாது என்று நான் சொல்லவில்லை, ஆகும். அவருக்கு என்னை அடையாளம் தெரியாத நாள் வரலாம். அந்த நாள் வந்தால் நானே உன்னிடம் படிவம் கேட்பேன், வெட்கப்படமாட்டேன். ஆனால் அது வரைக்கும், அவர் ஒன்று சொன்னால் பதினோரு படி ஏறிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அதை அந்த இல்லத்தில் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. நானே செய்யவில்லையே.

ஒன்று மட்டும் பாக்கி. டாக்டரம்மா மேடத்தை வாங்கிப்போன அன்று சாயங்காலம் அப்பா பின்கட்டில் உட்கார்ந்து மிச்சப் பெட்டிகளிலிருந்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தார், திருட்டுப் பூனை ஒரு பெட்டிக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டாக்டரம்மா முன்னாடி உங்களுக்கு மறதின்னு சொல்லிட்டேங்க, அது பெரிய தப்பு, மன்னிச்சுடுங்க என்றேன். இந்த வார்த்தையை நான் இதுவரை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எப்ப சொன்ன? யாருகிட்ட?" என்றார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். புதுக்கதை மாதிரி கேட்டார். "அப்படியா சொன்ன? சரி விடு, மறதி இருக்கத்தானே செய்யுது. டீ இருக்கா?" என்றார். நான் டீ போட எழுந்து போனேன், அடுப்பு முன்னால் வெகுநேரம் நின்றேன். எதிரே நிற்கிற ஆள் கண்ணை அசைத்தால் உண்மை எது பொய் எது என்று சொல்லுகிறவள் நான், நாற்பது வருஷ வியாபாரம் அதில்தான் ஓடியது. அவர் நிஜமாகவே மறந்துவிட்டாரா, இல்லை, என்னைப் போகட்டும் என்று விட்டுவிட்டாரா, அந்த முகத்தில் எனக்குத் தெரியவே இல்லை. மறந்துவிட்டார் என்றால் அது உன் படிவத்தில் பதினோராவது கேள்வி. விட்டுவிட்டார் என்றால் அதற்கு அந்தப் படிவத்தில் கேள்வியே கிடையாது. இரண்டில் எது என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் தொட்டதெல்லாம் கைகூடி, மனசில் பாரமில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். முதுகுவலிக்கு அந்தப் பழைய மெத்தையை மாற்று, சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. லீவு கிடைத்தால் வா, அழைத்துப்போக வேண்டாம், வந்து பத்து நாள் இருந்து உன் கண்ணால் பார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நீயே போன் செய். அங்கே மழையா என்று மூன்று தடவை கேட்பார், மூன்று தடவையும் பதில் சொல்.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா